கர்ப்பவதியின் சாப்பாட்டுக் கோப்பை

எமது வீடுகளில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்ததும் அவள் காதில் விழும் முதற் புத்திமதி, "இனி நீ இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்பதே. சொல்பவர்கள் அன்பினாலேயே சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்து சேரும்போது என்ன நடக்கிறதென்று சற்றுக் கவனியுங்கள். சோறு இரண்டு அகப்பை கூடுகிறது. குழம்பு கூடுகிறது. மீன் துண்டு மட்டும் கூடுவதில்லை. அது வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கும் பங்கிடப்பட்டு, தலையோ வாலோ மிஞ்சினால் அவளுக்கு வருகிறது. எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, ஆறிப்போன சோற்றை அடுப்படியில் இருந்து சாப்பிடுகிறவளும் அவளே.

கர்ப்பவதியின் கோப்பையில் எது பெருக வேண்டும், எது பெருகக் கூடாது, அதைக் கவனிக்கும் பொறுப்பு வீட்டில் யாருடையது என்பவற்றையே இங்கு ஆராய விரும்புகிறோம். இது தாய்மாருக்கு மட்டுமுரிய பாடம் என்று எண்ணி ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாமியாரும் வாசிக்க வேண்டும்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் வழமையிலும் கூடுதலாக உண்ண வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாம் மாத முடிவிற்கூடச் சிசு ஒரு தேசிக்காய் அளவுதான் இருக்கும். அதற்கென்று ஒரு கோப்பைச் சோறு வேண்டுமா? அடுத்த மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 340 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் ஏறக்குறைய 450 கலோரியும் மேலதிகமாகத் தேவை என்று போசாக்கு நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். கலோரி என்ற சொல் விளங்காதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: ஓர் அவித்த முட்டை, ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம். இம்மூன்றும் சேர்ந்தாற் கிட்டத்தட்ட 300 கலோரி வந்துவிடும். "இரண்டு உயிருக்குச் சாப்பிடுவது" என்பது உண்மையில் இவ்வளவுதான். ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் கல்சியமும் அயடினும் தேவைப்படும் அளவு அப்படிச் சிறிதாகக் கூடுவதில்லை. இரும்புச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் வேண்டும். அளவிற் கொஞ்சம், சத்தில் நிறைய: இந்த இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பதுதான் சங்கடம். சோற்றைக் குவித்துச் சமாளிக்க முடியாது.

அடுத்தது நிறை. கிளினிக்குக்குப் போன பெண்ணிடம், "எத்தனை கிலோ கூடியிருக்கிறாய்?" என்று அயலார் கேட்பதும், கூடினால் "நல்லது" என்பதும், குறைந்தால் "ஐயோ" என்பதும் வழக்கம். ஆனால் எவ்வளவு கூட வேண்டும் என்பது எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல. கருவுறும்போது அவள் என்ன நிறையில் இருந்தாள் என்பதைப் பொறுத்தது அது. கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த, 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள மூன்று பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ உள்ளவளின் சுட்டி ஏறக்குறைய 18. அவள் மெலிந்தவள். 50 கிலோ உள்ளவளுக்கு 22. அவள் அளவான நிறையுடையவள். 60 கிலோ உள்ளவளுக்கு ஏறக்குறைய 27. அவள் நிறை கூடியவள். அமெரிக்க மருத்துவக் கழகம் 2009 ஆம் ஆண்டு வெளியிட்டு இன்று பல நாடுகளிலும் பின்பற்றப்படும் கணிப்பின்படி, முதலாமவள் பிரசவம் வரை 12½ முதல் 18 கிலோ வரையும், இரண்டாமவள் 11½ முதல் 16 கிலோ வரையும், மூன்றாமவள் 7 முதல் 11½ கிலோ வரையும் கூடலாம். சுட்டி 30ஐத் தாண்டியவருக்கு 5 முதல் 9 கிலோ போதும். இவை ஒற்றைப் பிள்ளைக்குரிய கணக்குகள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் வைத்தியர் வேறு கணக்குச் சொல்வார். எமது ஆசியப் பெண்களுக்கு நீரிழிவு குறைந்த நிறையிலேயே வந்துவிடுகிறது என்பதால், கிளினிக்கில் உங்களுக்கென்று குறித்துத் தரும் அளவையே நீங்கள் பின்பற்ற வேண்டும்.

"பிள்ளை மூன்று கிலோ. மிச்சம் எல்லாம் கொழுப்பா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. பன்னிரண்டரைக் கிலோ கூடிய ஒரு தாயின் உடம்பில் அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பழைய மேல்நாட்டுக் கணிப்பொன்று உண்டு. சிசு 3.4 கிலோ. நச்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல். பன்னீர்க்குடத்து நீர் முக்காற் கிலோவுக்குச் சற்று அதிகம். பெருத்த கருப்பை ஒரு கிலோ. மார்பகங்கள் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தாயின் உடலிற் புதிதாக ஊறிய இரத்தம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. திசுக்களில் தேங்கும் நீர் இன்னொரு ஒன்றரை. எஞ்சிய 3.3 கிலோவே கொழுப்பு. அதுவும் வீணல்ல. பிள்ளை பிறந்த பின் பால் கொடுப்பதற்காக உடம்பு முற்கூட்டியே சேமித்து வைக்கும் கையிருப்பு அது. ஆகவே கர்ப்பகாலத்தில் மெலிய முயல்வது எவருக்கும் தகாது, நிறை கூடியவருக்குங்கூட. அவர் கூடும் வேகத்தைக் குறைக்கலாமேயன்றி, பட்டினி கிடந்து இறக்கப் பார்க்கக் கூடாது.

இதற்கு எதிரான தவறும் எம்மிடையே உண்டு. "பிள்ளை பெருத்தாற் பிரசவம் கஷ்டம், கொஞ்சமாய்ச் சாப்பிடு" என்று ஏழாம் எட்டாம் மாதத்திற் கையைப் பிடிக்கிற கிழவிமார் இன்னும் இருக்கிறார்கள். இதனால் நடப்பது என்ன? தாய் சோகை பிடித்து, களைத்து, பெலனின்றிப் பிரசவ அறைக்குப் போகிறாள். பிரசவத்தில் இரத்தம் போனால் தாங்க அவளிடம் இரத்தமில்லை. பிள்ளையும் நோஞ்சானாய்ப் பிறக்கிறது. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையிற் பிறந்த நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 16 பேர் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்தார்கள். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது தாயின் இரத்தத்தில் ஏறிய சீனி. முட்டையையும் மீனையும் குற்றஞ்சாட்ட வேண்டாம்.

சிறிதாய்ப் பிறந்த பிள்ளை பிறகு வளர்ந்துவிடும்தானே என்பார்கள். வளரும். ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை. இங்கிலாந்தில் ஹேர்ட்போட்சயர் என்னும் மாவட்டத்தில் 1911 ஆம் ஆண்டு முதல் மருத்துவமாதர் வீடு வீடாய்ச் சென்று, பிறந்த பிள்ளைகளின் நிறையைக் கொப்பிகளில் எழுதி வைத்தார்கள். பல்லாண்டுகளின் பின் டேவிட் பார்க்கர் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் அந்தப் பழைய கொப்பிகளைத் தேடியெடுத்து, அப்பிள்ளைகள் வளர்ந்து எந்த நோயால் இறந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்து, 1989 ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். குறைந்த நிறையுடன் பிறந்து, முதல் வயதிலும் நிறை குறைந்திருந்தவர்களே இருதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். ஒல்லாந்திலும் இதற்கொரு சாட்சியம் உண்டு. 1944-45 ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நாற்சிப் படைகள் உணவைத் தடுத்ததனால் அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அக்காலத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைகள், ஐம்பது வயதான போது மற்றவர்களிலும் கூடுதலாக இரத்தச் சீனிக் கோளாறுக்கு ஆளாகியிருந்தார்கள். பசித்த வயிற்றில் வளரும் சிசு, குறைவான உணவுக்கு ஏற்றபடி தன் உடம்பை அமைத்துக்கொள்கிறது என்றும், பின்னர் உணவு தாராளமாய்க் கிடைக்கையில் அந்த உடம்பு திண்டாடுகிறது என்றும் ஆய்வாளர் விளக்கம் கூறுகின்றனர். 1995 இடப்பெயர்விலும் 2009 இல் வன்னியிலும் கர்ப்பிணிகள் கஞ்சிக்கு வரிசையில் நின்றதைக் கண்ட எமது மக்களுக்கு இது தொலைதூரத்துச் சங்கதியல்ல. அன்று வயிற்றில் இருந்தவர்கள் இன்று தாமே தாயாகும் வயதை அடைந்திருக்கிறார்கள். அவர்களிற் சீனி வியாதிச் சோதனையை ஒருவரும் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இனிக் கோப்பைக்கு வருவோம். ஒரு கோப்பையை மனத்தில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் மரக்கறியும் கீரையும். மறுபாதியில் சரிபாதி சோறு, சரிபாதி மீனோ முட்டையோ இறைச்சியோ பருப்போ பயறோ கடலையோ. எமது வழக்கமான கோப்பையில் முக்காற்பங்கு சோறாய் இருப்பதைக் காண்பவர்களுக்கு இது பெரிய மாற்றமாகத் தோன்றும். ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் ஓர் அகப்பை முருங்கையிலை வறையைப் போடுங்கள். தீட்டாத சிவப்பரிசியோ குரக்கன் பிட்டோ கிடைத்தால் வெள்ளைப் பாணிலும் நல்லது.

சத்தான உணவென்றாற் காசு வேண்டும் என்பது பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மறுக்கவில்லை. கூலி வேலையில் வாழும் வீட்டுக்கு முட்டை விலை தெரியாமற் பேசுவது எமக்கு அழகல்ல. ஆயினும் மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். நெத்தலி, சூடை, சாளை ஆகியவை பெரிய மீனிலும் மலிவு. முள்ளோடு சாப்பிடக் கூடியவையாதலாற் கல்சியமும் தருகின்றன. சுறா, தளபத்து முதலிய பெரிய மீன்களில் இரசம் சேர்ந்திருப்பதால் கர்ப்பகாலத்தில் அவற்றைத் தவிர்க்கும்படி வைத்தியர்களே சொல்கிறார்கள். ஆகவே இவ்விஷயத்தில் ஏழையின் மீனே மேலான மீன். முருங்கை வேலியில் நிற்கிறது. பொன்னாங்காணியும் வல்லாரையும் சந்தையில் ஒரு பிடி வாங்கலாம். பச்சைப் பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூவுடன் காலையிற் சாப்பிட்டாற் பாணும் சம்பலும் அதற்கு ஈடாகாது. உழுத்தங்களியும் எள்ளுருண்டையும் பாட்டிமார் செய்த நல்ல காரியங்கள். சர்க்கரையை மட்டும் அளவாய்ப் போடுங்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்கென்று தகரப் பேணியில் அடைத்து, படம் போட்டு விற்கும் விசேட பால்மாக்களை வாங்கக் கடன்படாதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு மாதத்து முட்டையும் சிறுமீனும் வாங்கலாம். கறிக்கு அயடின் சேர்த்த உப்பையே பாவிக்க வேண்டும், அளவோடு.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் இலகுவாய்ச் சேர்வதில்லை. தேசிக்காய்ப் புளி பிழிந்தால், அல்லது சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ சாப்பிட்டால் அது நன்றாகச் சேரும். அதற்கு மாறாகத் தேநீர் அதைத் தடுக்கிறது. இங்கேதான் எமது வீடுகளின் பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு பெண் நாளுக்கு ஐந்து முறை தேநீர் குடிக்கிறாள், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கரண்டி சீனி கிட்டத்தட்ட ஒரு பேணிச் சோற்றின் கலோரியைத் தருகிறது, சத்து ஒன்றுமில்லை. அதே தேநீர் சாப்பாட்டோடு சேர்ந்தால் கீரையின் இரும்பையும் பறித்துக்கொள்கிறது. நிறை கூடும், இரத்தம் குறையும். பருமனாயிருந்தும் சோகை பிடித்த தாய்மாரை இதனாலேயே காண்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேநீரைத் தள்ளி வையுங்கள். சீனியை ஒரு கரண்டியாக்குங்கள். சோடாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாய்ப் போகிறது என்று அதை வீட்டுக் கூரையிற் செருகி வைப்பவர்கள் உண்டு. மலம் கறுப்பது குளிசையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. பிரட்டினாற் படுக்கைக்குப் போகுமுன் போடலாம். கல்சியக் குளிசையையும் இதையும் ஒரே வேளையிற் போட்டால் ஒன்றையொன்று கெடுக்கும். பச்சையரிசி, மண், சாம்பல் என்பவற்றைத் தின்ன ஆசை வந்தால் அதை வயிற்றுப்பிள்ளையின் ஆசை என்று சிரித்து விடாதீர்கள். இரத்தத்தில் இரும்பு குறைந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். மருத்துவமாதிடம் சொல்லுங்கள்.

மருத்துவமாது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, தாயின் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கும் ஒழுங்கு எம் நாட்டில் வளர்ந்து வந்திருக்கிறது. பணக்கார நாடுகள் பலவற்றிலும் இது இல்லை. அவர் வரும்போது மரியாதைக்கு ஒரு சோடா கொடுத்து அனுப்பிவிடாமல், சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். 1973 இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷாவும் அவ்வழியே வருவதுதான். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த 750 கிராம் பைக்கற்று வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறது? உருண்டை பிடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டு, இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள். நாளுக்கு 50 கிராம் வீதம் தாய்க்கென்று அளந்து தந்த உணவு அது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் அது கிடைக்காமற் போனபோதுதான் பலருக்கு அதன் அருமை விளங்கியது.

விலக்க வேண்டிய உணவுகள் என்று ஊரில் ஒரு நீண்ட பட்டியலே உலாவுகிறது. நன்கு பழுத்த பப்பாப்பழத்தை அளவோடு உண்பதாற் கரு கலையாது. பாலுள்ள காயைத் தவிர்த்தாற் போதும். அன்னாசியும் சாதாரணமாய் உண்ணும் அளவிற் கேடு செய்யாது. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது. அந்தக் காசும் மீனுக்கே போகட்டும். உண்மையாய் விலக்க வேண்டியவை வேறு: மதுபானம், புகையிலை போட்ட வெற்றிலை, அரைவேக்காட்டு முட்டையும் இறைச்சியும், காய்ச்சாத பால். ஈரலைக் கூட மாதத்தில் எப்போதாவது சிறிதளவு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள விற்றமின் ஏ அளவு மீறினாற் சிசுவுக்கு ஆகாது.

தபசுகாலத்திற் சில தாய்மார் எம்மிடம் இரகசியமாய்க் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே பகிரங்கமாய் விடை கூறுகிறோம். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் கர்ப்பவதி ஒருசந்தி பிடிக்க வேண்டுமா? வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அக்கடமையினின்று விலக்குப் பெற்றவர்கள் என்பது திருச்சபையின் நெடுங்காலப் போதனை. விலக்கைப் பாவிப்பதிற் பாவமில்லை; சங்கோசமும் வேண்டாம். "பிள்ளைக்காக நேர்ந்து ஒரு நேரம் சாப்பிடுகிறேன்" என்று நேர்த்தி வைத்தவர்கள் பங்குக் குருவிடம் போய்ச் சொல்லுங்கள். அதை வேறொரு நற்கிரியையாக மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு. மாமியார் பிடிக்கிற ஒருசந்தியை மருமகளும் பிடிக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிற வீட்டில் இந்தப் பத்தியை உரக்க வாசிக்கவும்.

சத்தி எடுக்கும் முதல் மாதங்களில் நிறை சற்றுக் குறைந்தாற் கலங்க வேண்டாம். எழும்புமுன் ஒரு விசுக்கோத்து, மூன்று வேளைக்குப் பதில் ஆறு சிறு வேளை, கொஞ்சம் இஞ்சி. பெரும்பாலோருக்கு அவ்வளவில் அடங்கும். தண்ணீரும் தங்காமல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான்காம் மாதத்தின் பின் அளவான நிறையுடையவருக்குக் கிழமைக்கு ஏறக்குறைய 400 கிராம் கூடும். ஒரே கிழமையில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலையிடித்து, கண் மங்கினால் அது சாப்பாட்டால் வந்த நிறையன்று. குருதியமுக்கம் ஏறியதால் உடம்பில் நீர் தேங்குகிறது. விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே வாகனம் பிடியுங்கள்.

24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சீனிச் சோதனையைத் தவற விடக்கூடாது. சீனி இருப்பதாகச் சொன்னால் அழுதுகொண்டு பட்டினி கிடப்பதும் தவறு, "பிள்ளை பிறந்தாற் போய்விடும்" என்று அலட்சியம் செய்வதும் தவறு. பெரும்பாலோருக்குச் சோற்றைக் குறைத்து, வேளைகளைப் பிரித்து, சாப்பாட்டின் பின் அரை மணித்தியாலம் முற்றத்தில் நடந்தாலே கட்டுப்படும். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும். அது பிள்ளையைப் பாதிக்காது.

குடும்பத் தலைவர்களே, இவையனைத்தும் உங்கள் மனைவியின் கையில் மட்டும் இல்லை. வாங்கும் மீனை அவள் பங்கிட்டால் தனக்கென்று வையாள். அது எமது தாய்மாரின் சுபாவம். எத்தனை கட்டுரை எழுதினாலும் மாறாது. ஆதலால் அந்தத் துண்டை நீங்கள் எடுத்து அவள் கோப்பையில் வையுங்கள். அவளையும் உங்களோடு மேசையில் இருத்தி, சூடாய்ச் சாப்பிடச் செய்யுங்கள். கடைசி மாதங்களிற் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் அள்ளுங்கள்.

பிள்ளை பிறந்த பின் கூடிய நிறையைக் குறைக்க அவசரப்படத் தேவையில்லை. தாய்ப்பால் கொடுப்பதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவாகிறது. பத்தியமென்று சோறும் மிளகுத் தண்ணீரும் மட்டும் கொடுத்து அவளை அடைத்து வைக்காமல், சரக்குக் கறியோடு மீனையும் கீரையையும் தாராளமாய்க் கொடுங்கள். ஆறாம் மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மெல்ல நடந்து திரிந்தாற் பலருக்கு நிறை படிப்படியாய் இறங்கும்.

இனித் திருமணம் செய்யவிருப்போருக்கு ஒரு வார்த்தை. சிசுவின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அநேகமான பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பது அப்போதுதான் தெரியவரும். அது சரியாக மூடுவதற்குப் போலிக் அமிலம் உதவுகிறதென்பதால், கருவுறுவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே அந்தக் குளிசையைப் போட வேண்டும். திருமண ஆயத்த வகுப்புக்கு வரும் மணமக்கள் ஓலை கூறுமுன்னரே தமது பகுதி மருத்துவமாதிடமும் ஒருமுறை போய், நிறையையும் உயரத்தையும் அளந்து, குளிசையையும் வாங்கிக்கொள்வார்களாக.